செத்தவர் சண்முகவேல், சுகம்

அருப்புக்கோட்டை
10-2-1971

அன்பு மருமகள் கோகிலாம்பாளுக்கு, மதுரைக்குத் தெற்கே எங்கெங்கே ஒலிபெருக்கி அலறினாலும் அத்தனைக்கும் அதிபதியான உன் தாய்மாமன் சண்முகவேல் எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தை ராமலட்சுமியும் சுகம். பட்டணத்துத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா?

நீ வேலை பார்க்கும் இசைக் காப்பகத்துக்குச் சீமையிலிருந்து பெட்டி ஒன்று வந்திருக்கிறது, அதிலே 1938இல் திருச்சுழிப் பக்கம் ஒரு துரை பிடித்த ஒப்பாரி இருக்கிறது, அட்டையில் ‘இறந்தவர்: சண்முகவேல்’ என்று கண்டிருக்கிறது, யார் அவர் என்று விசாரித்துச் சொல் என எழுதியிருந்தாய்.

இப்போது நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள். நீ நம்பினாயானால் நான் சொன்ன விதத்தில் ஏதோ கோளாறு. சத்தியம் செய்து தொடங்குகிறேன்: அந்த இறந்தவர் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் அப்பா திருச்சுழிக்கு மேற்கே கிராமத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். துரை ஒரு யந்திரத்தோடு வந்து இறங்கினார். தேர் அளவு யந்திரம். பதினாறு மாடுகள் இழுத்தன. அதன் குழலுக்குள் ஒரு கல்யாணப் பந்தியே உட்காரலாம். ஒப்பாரி வேண்டும் என்றார். கைப்பிள்ளைகளோடு காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களைக் கிராம முன்சீப் மறித்துக் கூட்டிவந்து, பாடுங்கள் என்றார். அவர்களில் பேர்போன பாட்டுக்காரி சோலையம்மாள். “பொணமில்லாமப் பாடமாட்டோஞ் சாமி. ஆளில்லாமப் பாடுன ஒப்பாரி ஆளத் தேடும்” என்றாள். முன்சீப் மீசையைத் தடவினார். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். “பொணம்தானே? நான் சாகிறேன்” என்று துரைக்காகப் போட்டிருந்த பந்தலில் நீட்டிப் படுத்துவிட்டேன். நெற்றியில் காசு, மூக்கிலும் காதிலும் பஞ்சு, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டு. அப்படி ஒரு அழகான பிணத்தை இந்த ஜில்லா அதற்குப் பிறகு பார்க்கவில்லை. செத்துக் கிடந்த என் கண்ணிலிருந்து கண்ணீர் ஊற்றெடுத்து, பொட்டு மழை இல்லாத அந்த வருஷம் குண்டாறு பெருகித் திருச்சுழிப் படித்துறை முழுகியது.

காதில் பஞ்சு இருந்ததால் பாட்டு கேட்கவில்லை. எழுந்து “எப்படிப் பாடினே?” என்றேன். “ஒங்கள நல்லாப் பாடிருக்குஞ் சாமி” என்றாள் சோலையம்மாள். மற்றப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என் ஒப்பாரியைத் துரை பெட்டியில் பூட்டிக் கப்பலேற்றிவிட்டார். பாட்டு கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது, நான் இந்தப் பக்கம் இருந்தேன். ஒருவரை ஒருவர் தேடவில்லை.

இப்போது அது மெட்ராஸ் வந்துவிட்டது என்கிறாய். கோகிலா, அதை ஓடவிடாதே.

இப்படிக்கு,
சண்முகவேல்


சென்னை
22-2-1971

அன்புள்ள மாமாவுக்கு, கோகிலா. நான் நலம். உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் படித்துச் சிரித்ததில் பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வந்துவிட்டார். வீட்டில் மறுபடி படித்தபோது கடைசி வரியில் சிரிப்பு வரவில்லை. நீங்கள் கடிதத்தை ஒரு கேலி இல்லாமல் முடித்து நான் பார்த்ததே இல்லை.

யந்திரம் தையல் மிஷின் அளவுதான் மாமா. அதன் படமும் வந்திருக்கிறது. பாட்டு இருப்பது மெழுகு உருளையில். ஓட்ட ஓட்டத் தேயும். ஓரிரு தடவை ஓடினாலே அதிசயம் என்கிறார் எங்கள் எஞ்சினியர். அதனால் இதுவரை யாரும் கேட்கவில்லை. துரையின் குறிப்பு மட்டும் இருக்கிறது: ‘ஒப்பாரி. இடையே பெண்கள் மார்பில் அடித்துக்கொள்ளும் ஓசை.’

வானொலிக்காரர்கள் சித்திரையில் ஒலிபரப்பக் கேட்கிறார்கள். துரையின் மனைவி அன்பளிப்பாகத் தந்தது, ஆகவே காப்பகத்தின் சொத்து, எவரையும் கேட்க வேண்டியதில்லை என்பது எங்கள் செயலாளரின் கட்சி. பாடிய பெண்ணுடைய மனிதர்களைக் கேட்காமல் கூடாது என்று நான் ஒற்றையாளாக நின்று கொஞ்சம் அவகாசம் வாங்கியிருக்கிறேன். இந்த வேலை போனாலும் போகும். அந்தப் பயமும் இருக்கிறது. சோலையம்மாள் வீட்டாரைத் தேடித் தருவீர்களா? அத்தைக்கு என் வணக்கம்.

உங்கள்
கோகிலா


அருப்புக்கோட்டை
15-3-1971

அன்பு மருமகளுக்கு மாமன் எழுதுவது. அத்தை சுகம். என்னைப் பற்றி ஊரே விசாரிக்கிறது, அதைத்தான் எழுதவந்தேன்.

பஸ் ஏறித் திருச்சுழி போனேன். அங்கே ஒருவன் இன்னொரு ஊருக்கு அனுப்ப, அந்த ஊர்க்காரன் இன்னொருவனிடம் அனுப்ப, கன்னியாகுமரி வரை கால்நடையாகப் போய்த் திரும்பியதாக வைத்துக்கொள். சோலையம்மாள், தன் மகளுக்குப் பேச்சு வருமுன்பே வைசூரியில் போய்விட்டாளாம். மகள் பெயர் முத்துப்பேச்சி. எங்கே இருக்கிறாள் தெரியுமா? இதே அருப்புக்கோட்டையில், பெரிய ஆஸ்பத்திரியில் ஆயா. என் கடையைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறாள்!

கடைக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். நின்றபடியே கேட்டாள்.

“ரேடியாவுலயா? வேண்டாம் அண்ணாச்சி. எங்காத்தா இஷ்டப்பட்டுப் பாடல. பாடுன்னாக, பாடுனா. இன்னைக்கு எவுக டீக்கடையிலயோ அது ஓடி, நாலு பேரு காப்பி குடிச்சுக்கிட்டே கேக்கவா?”

“சரி தாயி, வேண்டாம்னு எழுதிப்புடுறேன்” என்றேன். எனக்கு உள்ளே மேளதாளம்.

அவள் போகவில்லை. “அண்ணாச்சி, எங்காத்தா சத்தம் நெசமாவே அதுல இருக்கா?”

“இருக்கு.”

“எங்காத்தாவுக்குப் போட்டா கெடையாது. சத்தம் எப்பிடியிருக்கும்னு சொல்லவும் ஆளு கெடையாது. நா மட்டும் ஒருக்காக் கேக்கணும்.”

நான் விஷயத்தை உடைத்தேன்: அது என் பெயரில் பாடியது, ஓடினால் நான் காலி. அவள் சிரிக்கவில்லை. அவளும் அந்த ஊர்க்காரி; ஆளில்லாத ஒப்பாரி ஆளைத் தேடும் என்று அவளுக்கும் தெரியும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

“அண்ணாச்சிக்கு இப்ப ஒடம்பு எப்பிடியிருக்கு?”

கோகிலா, அதைக் கேட்ட விதத்தில் கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன், இருக்கிறதா என்று.

சண்முகவேல்


சென்னை
29-3-1971

அன்புள்ள மாமாவுக்கு, நலம்தானே? உண்மையாகவே கேட்கிறேன்.

காப்பகத்தின் குழு கூடியது. நீங்கள் உயிரோடிருப்பதையும், ஓடவிட வேண்டாம் என்றதையும் சொன்னேன். முத்துப்பேச்சி சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் படித்தேன். “டீக்கடையில்” என்ற இடத்தில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். செயலாளருக்குக் கோபம். “மூடுவதென்றால் எல்லாருக்கும் மூடுவோம். மகளுக்கு மட்டும் திறப்பதென்ன?” என்றார். முடிவு இதுதான்: உருளையில் இறந்தவராகக் குறிக்கப்பட்டவர் உயிரோடிருக்கும்வரை அதை எவருக்கும் ஒலிக்கவிடக்கூடாது. அவரே எழுத்தில் சம்மதித்தாலொழிய. அவர் காலத்துக்குப் பிறகு, பாடியவரின் வாரிசு முடிவு செய்யலாம்.

வானொலியைத் தடுத்துவிட்டேன் என்று சந்தோஷமாக வெளியே வந்தேன். படியிறங்கும்போதுதான் உறைத்தது. உங்களுக்கும் அவளுக்கும் நடுவில் என்ன வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று. என்னை மன்னியுங்கள். இன்னொரு கடிதம் அலுவலகத்திலிருந்து வரும். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

கோகிலா


சென்னை
2-4-1971

பெறுநர்: திரு. சண்முகவேல், ஒலிபெருக்கி நிலையம், அருப்புக்கோட்டை.
பொருள்: தங்கள் உயிர் – உறுதிப்படுத்தக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,
மேற்காணும் பொருள் தொடர்பாக, தாங்கள் உயிருடன் உள்ளீர்களா என்பதை ஆண்டுதோறும் காப்பகத்துக்குத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். பதில் வராத நேர்வில் தாங்கள் இல்லை எனக் கொள்ளப்படும்.

தங்கள் உண்மையுள்ள,
கோகிலாம்பாள், செயலாளருக்காக


அருப்புக்கோட்டை
20-5-1971

காப்பகத்தின் சமூகத்துக்கு,
மேற்படி உயிர் இன்று முற்பகல் வரை இவ்விடமே இருக்கிறது. பிற்பகலுக்கு உத்தரவாதம் இல்லை.

இனி மருமகளுக்கு. பதில் எழுதத் தாமதம். கல்யாண சீசன், பந்தல்குடியில் ஒரே முகூர்த்தத்தில் நாலாயிரம் கல்யாணம், அத்தனைக்கும் என் ஒலிபெருக்கிக் குழாய்தான். கைக்கு ஓய்வில்லை.

குழுவின் முடிவை அவளிடம் சொன்னதிலிருந்து முத்துப்பேச்சி தினமும் கடை வாசலில் நிற்கிறாள். காலையில் வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை. “அண்ணாச்சி, ராத்திரி ஒறக்கம் வந்துச்சா?” “அண்ணாச்சி, முகம் என்ன இப்பிடி வெளுத்துருக்கு?” நேற்று கேட்காமலேயே என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள்.

“ஏ தாயி, எதுக்கு இந்த விசாரணை?”

“சும்மாதான் அண்ணாச்சி. ஆஸ்பத்திரிப் பழக்கம்.”

எமதர்மனுக்குப் பாசக்கயிறு எதற்கு, எருமை எதற்கு? கையில் தூக்குவாளியோடு ஒரு ஆயாவை அனுப்பி “ஒடம்பு எப்பிடியிருக்கு?” என்று கேட்கச் சொன்னால் போதும். இழவு வீட்டுக்கு ஒலிபெருக்கி கேட்டு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் ரிப்பேர் என்று சொல்லிவிடுகிறேன். தூரத்தில் பறைச்சத்தம் கேட்டால் கடையில் ஒரு சினிமாப் பாட்டுத் தட்டைப் போட்டு மூடிவிடுகிறேன்.

மற்றபடி நான் கல்லுக்குண்டு.

சண்முகவேல்


அருப்புக்கோட்டை
9-6-1971

கோகிலாவுக்கு அத்தை ராமலச்சுமி எளுதுவது. நீ நல்லாயிருக்கியா. ஒங்க மாமா கல்லுக்குண்டுன்னு எளுதியிருப்பாக. எளுதுறப்ப கை நடுங்குனதப் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். பங்குனியிலருந்து சரியான ஒறக்கமில்ல. பந்தல்குடி கல்யாணத்துக்கும் போகல, கடைப் பையன் செல்லப்பாண்டியத்தான் குழாய் கட்ட அனுப்புனாக. போன வாரம் நெஞ்ச அடைக்குதுன்னு உக்காந்தவுக எந்திரிக்கல. ஆஸ்பத்திரியில சேத்துருக்கு. அந்தப் பொண்ணு முத்துப்பேச்சிதான் கூடருந்து பாக்குது. அதப் பாத்தாலே இவுகளுக்கு வேர்க்குது. டாக்டரு பயம் வேண்டாம்னு சொல்றாரு. ஆனா பயந்தான் சீக்கே. நான் எளுதுனது தெரிய வேண்டாம்.

ராமலச்சுமி


சென்னை
13-6-1971

அன்புள்ள மாமாவுக்கு, நலமறிய ஆவல். உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டதே என்றுதான் எழுதுகிறேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

உருளை என் அலமாரியில் இருக்கிறது. சாவி என்னிடம். நேற்று எல்லாரும் போன பிறகு அதை எடுத்துக் கையில் வைத்திருந்தேன். கனமே இல்லை. மெழுகு, மாமா. கை தவறினால் போதும். ஒரு தபால் அட்டையில் ‘சரி’ என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். அப்புறம் உங்களைத் தேட உலகத்தில் ஒன்றும் இருக்காது. காப்பகத்தில் வேலை செய்கிறவள் நினைக்கக்கூடாத நினைப்பு இது. நினைத்துவிட்டேன். உங்களைவிட எனக்கு எதுவும் பெரிதில்லை.

கோகிலா


அருப்புக்கோட்டை
4-7-1971

அன்பு மருமகளுக்கு. சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். உன் கடிதத்தில் ‘வேறு காரணம் ஒன்றும் இல்லை’ என்ற இடத்தில் உன் அத்தையின் கைரேகை தெரிகிறது.

உன் கடிதம் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தது. கண்ணாடி வீட்டில் இருந்ததால் முத்துப்பேச்சியைப் படிக்கச் சொன்னேன். என் புத்தியை என்ன சொல்ல? எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். ‘மெழுகு, மாமா’ என்ற இடம் வந்ததும் நிறுத்தினாள். நிறுத்தி, மீதியையும் படித்து முடித்தாள். மடித்து என் தலையணைக்கடியில் வைத்துவிட்டுக் கஞ்சியை ஆற்ற ஆரம்பித்தாள்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். “தாயி, அவ சின்னப்புள்ள, ஏதோ பயத்துல…”

“ஒடைக்கச் சொல்லுங்க அண்ணாச்சி.”

“என்னது?”

“நெதம் காலையில ஒங்களப் பாக்கும்போது நல்லாருக்கணும்னுதான் கேக்குறேன். ஆனா கேட்டு முடிக்கவும், நல்லாயில்லன்னா எங்காத்தா சத்தங் கேக்கலாமேன்னு உள்ள ஒண்ணு சொல்லுது. அதுக்குப் பயந்துதான் மறுபடியும் சாயங்காலம் வந்து கேக்குறேன். எனக்கு என்னயவே பிடிக்கல. ஒடஞ்சா எனக்கும் பீடை விட்டுச்சு.”

கஞ்சிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் பிடித்தும், பாதிக் கஞ்சி போர்வையில்.

ஆயிரம் பேர் பார்க்க மீசையை முறுக்கி நடந்தவன் நான். இத்தனை நாள் இந்த ஊரில் பயந்தவன் நான் ஒருவன் என்று நினைத்திருந்தேன். பெத்தவளுடைய சத்தத்தை உடை என்று ஒருத்தி சொல்கிறாள் என்றால், அவள் என்னைவிடப் பயந்திருக்கிறாள்.

ஆகையால், இறந்தவராகக் குறிக்கப்பட்ட சண்முகவேலாகிய நான், சுயபுத்தியோடு எழுதிக்கொடுக்கும் சம்மதம் இது. நாடாவில் ஒரு பிரதி எடுத்து அனுப்பு. கொழும்பிலிருந்து வந்தவர் ஒருவரிடம் வாங்கிய டேப் ரெக்கார்டர் கடையில் இருக்கிறது. நீ கேட்காதே. முதலில் கேட்க வேண்டியவள் அவள்.

கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று உங்கள் செயலாளர் கேட்டால், பேனா சரியில்லை என்று சொல்.

சண்முகவேல்


சென்னை
26-7-1971

அன்புள்ள மாமாவுக்கு. பார்சலில் நாடா. ஒரே தடவைதான் ஓட்டினோம். முடியும் தறுவாயில் உருளையில் விரிசல் விழுந்துவிட்டது. இனி இந்த நாடாவும் இங்குள்ள அதன் ஜோடியும்தான். எஞ்சினியர் வங்காளி, தமிழில் ஒரு சொல் தெரியாது. அவர் ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டார், நான் வெளியே வராந்தாவில் நின்றேன். வந்து ஒன்றே ஒன்று சொன்னார்: “அது மார்பில் அடிக்கிற சத்தம் இல்லை. மரத்தில் மரம் இடிக்கிற சத்தம்.” எனக்குப் புரியவில்லை.

தனியாகக் கேட்காதீர்கள். அத்தையும் கூட இருக்கட்டும். கேட்டதும் தந்தி கொடுங்கள். தபால்காரர் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுகிறேன்.

கோகிலா


அருப்புக்கோட்டை
8-8-1971

அன்பு மருமகளுக்கு. ‘சுகம்’ என்று மட்டும் தந்தி கொடுத்தேன். விவரம் இது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். நாடாவை மாட்டியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டைப்பையிலிருந்து பஞ்சை எடுத்துக் காதில் அடைத்துக்கொண்டேன். உன் அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். முத்துப்பேச்சி எழுந்து வந்து ஒரு காதுப் பஞ்சை எடுத்தாள். மற்றதையும் எடுத்தாள். என் கையைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தாள். பொத்தானை அவளே அழுத்தினாள்.

முதலில் எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி இரைச்சல். அப்புறம் துரை ஏதோ சொல்கிறார். அப்புறம் ஒரு பெண் பேச்சு, பாட்டில்லை:

“ஏலா, இங்க பாருங்கடி. பொணம் அழுவுதுடி! இதுக்கு எப்பிடி ஒப்பாரி பாட?”

“பாடுத்தா, முன்சீப்பு பாக்குறாக” என்று இன்னொருத்தி.

“ஒப்பாரின்னா என்னன்னு தொரைக்குத் தெரியவா போகுது? தொட்டில இங்கிட்டுத் தள்ளு.”

பிறகு பாடினாள்.

கரிசக்காட்டுப் பருத்தியில
கண்ணசந்த முத்துப்பேச்சி
மழ வந்தா எழுப்புறேன்டி
அதுவரைக்கும் தூங்கு தாயி.

பொய்யாப் படுத்த சாமி
பொட்டுக்கண்ணீர் விட்ட சாமி
மழ வந்தா எழுப்புறேன்யா
நீயுஞ் சேத்துத் தூங்கு சாமி.

ஒவ்வொரு அடிக்கும் நடுவே டொக், டொக். முத்துப்பேச்சிதான் சொன்னாள், எங்கோ தூரத்திலிருந்து பேசுகிற மாதிரி: “தொட்டில் கம்பு பந்தக்கால்ல இடிக்கிது அண்ணாச்சி. உள்ள நாந்தான் கெடக்கேன்.”

மெட்டு அசல் ஒப்பாரி மெட்டு. அந்த மட்டில் துரை குறிப்பில் தப்பில்லை. வார்த்தை மட்டும்தான் தாலாட்டு. ஒரு முன்சீப்பையும் ஒரு துரையையும் ஒரு சமுத்திரத்தையும் ஏமாற்றி, என்னையும் “நல்லாப் பாடிருக்கு” என்று ஒரே வார்த்தையில் முப்பது வருஷத்துக்கு மேல் நடுங்கவிட்டவள் சோலையம்மாள். புரட்டில் நான் அவள் காலடித் தூசி.

முத்துப்பேச்சி மறுபடி போட்டாள், மறுபடியும் போட்டாள். அழவில்லை. பெயர் வருகிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் “ம்” என்றாள், கூப்பிட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி. உன் அத்தைதான் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதாள்.

வானொலிக்கு என்ன சொல்ல என்று கேட்டேன். நாடாவை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “நம்ம பக்கம் நல்ல மழ பெய்யிற அன்னைக்குப் போடச் சொல்லுங்க அண்ணாச்சி. வேற நாள்ல வேண்டாம். பேரு சொல்லிப் போடணும், எங்காத்தா பேரு.” இந்தப் பக்கத்து மழையை நம்பி வானொலிக்காரர்கள் எவ்வளவு காலம் காத்திருப்பார்களோ, அது அவர்கள் பாடு.

உங்கள் அட்டையில் ‘இறந்தவர்: சண்முகவேல்’ என்பதை அடித்துவிடு. ‘தாலாட்டு. பாடியவர்: சோலையம்மாள். தூங்கியவர்கள்: முத்துப்பேச்சி, சண்முகவேல்’ என்று எழுது. உங்கள் செயலாளர் இனிமேல் என் உயிரைப் பற்றி விசாரிக்க வேண்டியதில்லை. அதை இங்கே ஒருத்தி காலையும் மாலையும் விசாரிக்கிறாள். இப்போது எனக்கு வேர்ப்பதில்லை. ஒரு வேளை வராவிட்டால்தான் வாசலைப் பார்க்கிறேன்.

பிப்ரவரியில் எழுதிய கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்தேன் அல்லவா? சரிதான், பதினாறு மாடு பொய், கல்யாணப் பந்தி உட்காரும் குழல் பொய், அழகான பிணம் என்பதும் பொய்யாம், உன் அத்தை சொல்கிறாள். குண்டாற்றில் வெள்ளம் வந்ததும் பொய்.

கண்ணீர் மட்டும் நிஜம். பயந்துபோய்த்தான் அழுதேன்.

சண்முகவேல்